ஸ்டெம் செல் எலும்பாவதில் மைக்ரோஆர்என்ஏவுக்கு என்ன வேலை? முதல் சோதனை செய்யப் போகிறவர்களுக்கு

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் முதல் வாரமே கேட்டான்: "அக்கா, மிர்-138 எலும்புக்கு நல்லதா, கெட்டதா?" மிர் என்பது மைக்ரோஆர்என்ஏவின் சுருக்கம், 138 அதன் எண். கீரையைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்கிறானே என்று சிரிப்பு வந்தது. ஆனால் நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தேன். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, எலும்பை வளர்க்கிறவை இந்தப் பக்கம், தடுக்கிறவை அந்தப் பக்கம் என்று எழுதி வைத்திருந்தேன், ஆறு மாதத்தில் பல பெயர்கள் இரண்டு பக்கத்திலும் ஏறிவிட்டன. எந்தச் செல்லில், எந்த நாளில், எந்த இலக்கைப் பிடிக்கிறது என்ற மூன்றும் தெரியாமல் ஒரு மைக்ரோஆர்என்ஏவைப் பற்றி உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது. அந்த மூன்றையும் கண்டுபிடிக்க நான் செய்யும் வேலைகளை வரிசையாக எழுதுகிறேன். எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த மனித மீசன்கைமல் ஸ்டெம் செல், மிர்-138, 21 நாள், இதுதான் நமக்கு உதாரணம். உங்கள் மிர் வேறு என்றால் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், வேலை அதேதான்.

முதலில் கொஞ்சம் பின்னணி

மைக்ரோஆர்என்ஏ என்பது ஏறக்குறைய 22 எழுத்து (நியூக்ளியோடைடு) நீளமுள்ள துண்டு ஆர்என்ஏ. அதிலிருந்து புரதம் எதுவும் உருவாகாது. 1993-இல் விக்டர் ஆம்ப்ரோஸ் குழுவும் கேரி ரவ்குன் குழுவும், ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் லின்-4 என்ற முதல் மைக்ரோஆர்என்ஏவையும் அது எதைப் பிடிக்கிறது என்பதையும் வெளியிட்டபோது, புழுவின் விசித்திரம் என்று பலர் கடந்து போய்விட்டார்கள். 2000-இல் லெட்-7 வந்து, அது மனிதன் வரை பல உயிர்களில் மாறாமல் இருப்பது தெரிந்த பிறகுதான் துறை சூடுபிடித்தது. ஆம்ப்ரோஸ், ரவ்குன் இருவருக்கும் 2024-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

செல்லுக்குள் நடப்பது இதுதான். நியூக்ளியஸில் நீளமான ஒரு ஆர்என்ஏ உருவாகிறது, அதை டிரோஷா என்ற நொதி வெட்டி 70 எழுத்து அளவுள்ள கொண்டை ஊசி வடிவத் துண்டாக்குகிறது, எக்ஸ்போர்டின்-5 அதை வெளியே கொண்டுவந்து விடுகிறது, வெளியே டைசர் கொண்டையை நறுக்க, மிஞ்சிய இரண்டு இழைகளில் ஒன்று ஆர்கோனாட் என்ற புரதத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம் அது தூது ஆர்என்ஏக்களின் வால் பகுதியைத் தேடிப் போகிறது. இந்த வால் பகுதியைத்தான் 3-பிரைம் யூடிஆர் என்கிறோம். மைக்ரோஆர்என்ஏவின் 2-ஆவது எழுத்திலிருந்து 8-ஆவது எழுத்து வரை உள்ள விதைப்பகுதி அந்த வாலில் எங்காவது பொருந்தினால், அந்தத் தூது ஆர்என்ஏவிலிருந்து வரும் புரதம் குறையும். கவனியுங்கள், குறையும் என்றுதான் சொல்கிறேன். குழாயை மூடுவதில்லை, கொஞ்சம் திருகிவிடுகிறது, அவ்வளவுதான். ஒரு புரதம் பாதியாகக் குறைந்தாலே இந்தத் துறையில் பெரிய விஷயம்.

எலும்புப் பக்கம் பார்த்தால், மீசன்கைமல் ஸ்டெம் செல்லுக்கு முன்னால் எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பு என்று மூன்று வழி இருக்கிறது. எலும்பு வழியின் வாசலில் ரன்எக்ஸ்2 என்ற மரபணு நிற்கிறது. இந்த மரபணு இல்லாத எலிகளுக்குக் குருத்தெலும்பாலான எலும்புக்கூடு இருந்ததே தவிர உண்மையான எலும்பு உருவாகவில்லை என்று 1997-இல் தெரிந்தது. அதற்கு அடுத்த கட்டத்தில் ஆஸ்டெரிக்ஸ் என்ற இன்னொரு மரபணு. மைக்ரோஆர்என்ஏக்கள் இந்த வாசலிலேயே கை வைக்கலாம், அல்லது அங்கே வரும் பாதையில் எங்காவது கை வைக்கலாம். மிர்-204 நேராக ரன்எக்ஸ்2-ஐயே பிடிக்கும், செல் கொழுப்புப் பக்கம் சாயும். மிர்-2861 பிடிப்பது ரன்எக்ஸ்2-க்கு எதிராக வேலை செய்யும் எச்டாக்5 என்ற புரதத்தை. அதாவது தடுப்பவனைத் தடுக்கிறது, எலும்பு கூடுகிறது. இந்த மிர்-2861 உருவாகும் இடத்திலேயே பிறழ்வு இருந்த, உறவினர்களான இரண்டு வளரிளம் பருவத்தினருக்கு எலும்புப்புரை இருந்ததை 2009-இல் வெளியிட்டார்கள். ஆகவே இது பிளாஸ்டிக் தட்டுக்குள் மட்டும் நடக்கிற விளையாட்டு இல்லை.

நம்முடைய மிர்-138 இன்னும் சுற்றுவழி. டென்மார்க்கின் ஓடென்ஸ நகரில் முஸ்தஃபா காசெம் குழு 2011-இல் காட்டியது: செல் தரையைப் பற்றிக்கொள்ளும் இடத்திலிருந்து சேதி அனுப்பும் எஃப்ஏகே என்ற நொதியை மிர்-138 குறைக்கிறது, அந்தச் சேதி ஈஆர்கே என்ற இன்னொரு நொதி வழியாக ரன்எக்ஸ்2-க்குப் போய்ச் சேர்வது குறைகிறது, ஆஸ்டெரிக்ஸும் இறங்குகிறது. செல் எலும்பாகத் தொடங்கும்போது மிர்-138 தானாகவே குறைந்துவிடுகிறது. பிரேக்கை எடுத்தால்தானே வண்டி நகரும்.

படி 1: செல்லைத் தொடுவதற்கு முன் ஒரு வாரம் உட்கார்ந்து படியுங்கள்

மைக்ரோஆர்என்ஏக்களின் பெயர்ப் பட்டியலான மிர்பேஸ் தளத்தில் உங்கள் மிர்-இன் முழுப் பெயரை எடுங்கள். மனிதனுக்கு எச்எஸ்ஏ, சுண்டெலிக்கு எம்எம்யூ என்று முன்னால் வரும், பின்னால் 5பி அல்லது 3பி என்று வரும். இந்தப் பின்னொட்டைக் கவனிக்காமல் ஆர்டர் போட்டு, கொண்டை ஊசியின் மறுபக்க இழையை வாங்கி வைத்துக்கொண்டு விழித்தவர்களை எனக்குத் தெரியும். நமக்கு வேண்டியது மிர்-138-5பி. அதன் விதைப்பகுதி ஜி-சி-யூ-ஜி-ஜி-யூ-ஜி. இதற்குப் பொருந்தும் இடம் இலக்கின் வாலில் சி-ஏ-சி-சி-ஏ-ஜி-சி என்று இருக்கும். இதைக் கணினி சொல்வதற்கு முன்னால் ஒரு தாளில் ஜோடி எழுத்துகளாக மாற்றித் தலைகீழாக எழுதிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை, பின்னால் படி 8-இல் இந்த இடத்தின் எழுத்தை மாற்றிய பிறழ்வு வடிவம் செய்யும்போது குழம்ப மாட்டீர்கள்.

அப்புறம் இலக்குகளைக் கணித்துச் சொல்லும் டார்கெட்ஸ்கேன், மிர்டிபி தளங்கள் இரண்டிலும் தேடுங்கள். நூற்றுக்கணக்கில் பெயர் வரும். பயப்பட வேண்டாம், ஆசைப்படவும் வேண்டாம். ஏழு எழுத்துப் பொருத்தம் தற்செயலாகவே எங்கும் கிடைக்கும். இரண்டு தளத்திலும் வருகிறதா, பல விலங்குகளில் அந்த இடம் மாறாமல் இருக்கிறதா, அந்த மரபணு உங்கள் செல்லில் வேலை செய்கிறதா என்று மூன்று சல்லடையில் சலித்தால் பத்துப் பதினைந்து பெயர் நிற்கும். மூன்றாவது சல்லடையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மூளையில் மட்டும் இருக்கும் ஒரு புரதத்தை மஜ்ஜைச் செல்லில் தேடி என்ன பயன்?

பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது தலைப்பை நம்பாமல், செய்முறைப் பகுதியில் எந்தச் செல் என்று பாருங்கள். மிர்-26ஏ நல்ல உதாரணம். கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லில் அது ஸ்மாட்1 என்ற புரதத்தைப் பிடித்து எலும்பாவதைத் தடுக்கிறது, மஜ்ஜையிலிருந்து எடுத்ததில் ஜிஎஸ்கே3-பீட்டா என்ற வேறொரு புரதத்தைப் பிடித்து எலும்பாவதைத் தூண்டுகிறது. அதே 22 எழுத்துதான். இரண்டு செல்லிலும் எந்தப் பாதை ஓங்கியிருக்கிறது என்பதுதான் வேறு. மிர்-29பி இன்னொரு விதம். எலும்பைத் தடுக்கும் எச்டாக்4 போன்ற பலவற்றைக் குறைத்து அது எலும்புக்கு உதவுகிறது, ஆனால் அதுவே கொலாஜனையும் பிடிக்கும். எலும்பின் நாரே கொலாஜன்தான். நார் பின்னி முடித்த பிற்பாடு இது கூடினால் பிரச்சினை இல்லை, முதல் நாளே அள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

படி 2: செல்

மீசன்கைமல் ஸ்டெம் செல் என்று பாட்டிலில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. 2006-இல் சர்வதேச செல் சிகிச்சைச் சங்கம் வைத்த குறைந்தபட்ச அளவுகோல்தான் இன்றும் கேட்கப்படுகிறது: பிளாஸ்டிக்கில் ஒட்ட வேண்டும், சிடி73, சிடி90, சிடி105 என்ற மேற்பரப்பு அடையாளங்கள் மூன்றும் 95 சதவீதத்துக்கு மேல் செல்களில் இருக்க வேண்டும், சிடி34, சிடி45 போன்ற இரத்தச் செல் அடையாளங்கள் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பு மூன்றாகவும் மாறிக் காட்ட வேண்டும். உங்கள் மூத்தவர்கள் இதை ஏற்கனவே செய்திருந்தால் அந்தப் படங்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை அனுப்பும் நேரத்தில் தேட வேண்டாம்.

பாசேஜ் (செல்லைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றிய தடவை) 3-லிருந்து 5-க்குள் சோதனையை முடியுங்கள். அதற்கு மேல் போனால் செல் பெரிதாகி, தட்டையாகி, பொரித்த அப்பளம் மாதிரி பரந்து கிடக்கும், எலும்பாகிற தெம்பும் குறைந்துவிடும். நல்ல செல் நுண்ணோக்கியில் மெலிந்து நீண்டு, நெத்திலிக் கூட்டம் ஒரே திசையில் நீந்துகிற மாதிரி வரிசையாகக் கிடக்கும். மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமிக்கான பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள், அது வந்திருந்தால் செல் சாகாது, மீடியமும் கலங்காது, உங்கள் முடிவுகள் மட்டும் சத்தமில்லாமல் கெட்டுப் போகும்.

குறைந்தது மூன்று பேரிடமிருந்து எடுத்த செல் வேண்டும். ஒருவருடைய செல்லை மூன்று குழியில் போட்டுவிட்டு மூன்று மாதிரி என்று எழுதுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஆளுக்கு ஆள் எலும்பாகும் வேகம் அவ்வளவு மாறும். ஒருவருடையது 14-ஆம் நாளே பொரிப்பொரியாகக் கனிமம் படிந்து நிற்கும், இன்னொருவருடையது 21 நாளிலும் சுத்தமாக இருக்கும்.

பழகுவதற்கு எம்சி3டி3-இ1 என்ற சுண்டெலிச் செல்லில் தொடங்கலாம், விலை குறைவு, கோபித்துக்கொள்ளாத செல். ஆனால் அது சுண்டெலியின் மண்டையோட்டிலிருந்து வந்தது, ஏற்கனவே எலும்பு வழியில் பாதி தூரம் நடந்துவிட்டது. அதில் கிடைத்ததை வைத்து ஸ்டெம் செல்லின் தொடக்க முடிவுகளைப் பற்றிப் பேச முடியாது.

இந்தியாவில் வேலை செய்கிறீர்கள் என்றால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) பயோடெக்னாலஜி துறையும் 2017-இல் வெளியிட்ட தேசிய ஸ்டெம் செல் ஆய்வு வழிகாட்டு நெறிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். உங்கள் நிறுவனத்தின் ஸ்டெம் செல் ஆய்வுக் குழு, நெறிமுறைக் குழு இரண்டிடமும் தாள் போக வேண்டும். செல் வந்த பிறகு தாள் போடலாம் என்று நினைத்தால் செல் நைட்ரஜன் தொட்டியில் தூங்கிக்கொண்டிருக்கும்.

படி 3: மிர்-ஐக் கூட்டுவது, குறைப்பது

கூட்ட மிமிக், அதாவது மிர் போலவே வேலை செய்யும் செயற்கைத் துண்டு, குறைக்க இன்ஹிபிட்டர், அதாவது மிர்-ஐத் தடுக்கும் துண்டு. இரண்டுக்கும் தனித்தனி கன்ட்ரோல் வேண்டும், எதையும் பிடிக்காத எழுத்து வரிசையுள்ள துண்டு. மிமிக் இரட்டை இழை, இன்ஹிபிட்டர் ஒற்றை இழை, ஒன்றின் கன்ட்ரோலை இன்னொன்றுக்கு வைத்து ஒப்பேற்றாதீர்கள்.

24 குழித் தட்டில் ஒரு குழியின் பரப்பு ஏறக்குறைய 1.9 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 10,000 செல் கணக்கில் குழிக்கு 19,000 அல்லது 20,000 போடுங்கள். மறுநாள் குழி 60, 70 சதவீதம் நிறைந்திருக்கும்போது லிப்போஃபெக்டமின் வகை மருந்தில் கலந்து கொடுங்கள். ஆன்டிபயாடிக் இல்லாத மீடியம் போடுங்கள், இருந்தால் செல் கூடுதலாகச் சாகும். அளவு: மிமிக் 50 நானோமோலார், இன்ஹிபிட்டர் 100 வரை. ஸ்டாக் 20 மைக்ரோமோலார் என்றால் 500 மைக்ரோலிட்டர் குழிக்கு 1.25 மைக்ரோலிட்டர் வருகிறது. இவ்வளவு சின்ன அளவைக் குழிகுழியாக எடுத்தால் கை தவறும், எல்லாக் குழிக்கும் சேர்த்து ஒரே குழாயில் கலந்து பிரித்துக் கொடுங்கள். ஒளிரும் துண்டு ஒன்றைத் தனிக் குழியில் கொடுத்து உள்ளே போகிறதா என்று பார்ப்பது வழக்கம். ஆனால் செல்லுக்குள் பச்சைப் புள்ளி தெரிவதாலேயே வேலை நடக்கிறது என்று அர்த்தமில்லை, அது பைக்குள் மாட்டிக்கொண்டும் ஒளிரும். ஏற்கனவே நிரூபிக்கப்பட்ட ஓர் இலக்கு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் சாட்சி.

இது நிரந்தரமானதும் இல்லை. செல் பிரியப் பிரிய உள்ளே போனது நீர்த்துக்கொண்டே வரும். 21 நாள் சோதனைக்கு ஒரே ஒருமுறை கொடுத்துவிட்டு, கடைசி நாளில் வித்தியாசம் இல்லையே என்று கவலைப்படுவதில் நியாயமில்லை. நான் 7-ஆம் நாள் மறுபடி ஒருமுறை கொடுப்பேன். சிலர் வைரஸ் வழியாக நிரந்தரமாகச் சேர்ப்பார்கள், அது தனிக் கதை, முதல் சோதனைக்கு வேண்டாம்.

படி 4: மீடியமும் 21 நாளும்

டிரான்ஸ்ஃபெக்ஷன், அதாவது மிமிக், இன்ஹிபிட்டரைச் செல்லுக்குள் செலுத்துவது, முடிந்து 48 மணி நேரத்தில் குழி நிறைந்துவிடும். அன்றைக்குத்தான் நாள் 0. ஆல்ஃபா-மெம் மீடியம், 10 சதவீதம் சீரம், அதோடு மூன்று பொருள். 100 மில்லிக்குக் கணக்கு சொல்கிறேன்: 1 மில்லிமோலார் டெக்ஸாமெத்தசோன் ஸ்டாக்கில் 10 மைக்ரோலிட்டர், அதாவது 100 நானோமோலார், அஸ்கார்பிக் அமிலம்-2-பாஸ்பேட் 5 மில்லிகிராம், 1 மோலார் பீட்டா-கிளிசரோபாஸ்பேட்டில் 1 மில்லி, அதாவது 10 மில்லிமோலார்.

மூன்றும் எதற்கு என்று தெரிந்திருந்தால் தவறு நேரும்போது எங்கே தேடுவது என்று தெரியும். டெக்ஸாமெத்தசோன் செல்லை எலும்பு வழிக்குத் தள்ளுகிறது, ஆனால் கொழுப்பு மீடியத்திலும் இதே மருந்து உண்டு, எனவே நடுவே சில செல்லில் எண்ணெய்த் துளி மின்னினால் ஆச்சரியப்படாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள். அஸ்கார்பிக் அமிலம் கொலாஜன் இழை முறுகி உறுதியாக வேண்டியது. சாதா வைட்டமின் சி 37 டிகிரியில் சீக்கிரம் கெட்டுவிடும், அதனால்தான் பாஸ்பேட் ஒட்டிய வடிவம். பீட்டா-கிளிசரோபாஸ்பேட்டிலிருந்து செல்லின் ஏஎல்பி (ஆல்கலைன் பாஸ்பேடேஸ்) நொதி பாஸ்பேட்டைப் பிரித்துக் கொடுக்க, அது கால்சியத்தோடு சேர்ந்து படிகிறது. இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. பாஸ்பேட் அளவு கூடிப் போனாலோ, செல் செத்துக் கிடந்தாலோ, எலும்பே உருவாகாமல் கால்சியம் பாஸ்பேட் தானாக வீழ்படியும். சாயம் போட்டால் அதுவும் சிவப்பாகத்தான் தெரியும். ஆகவே செல் இல்லாத ஒரு குழியில் இதே மீடியத்தை 21 நாளும் மாற்றி வாருங்கள்.

மூன்று நாளுக்கு ஒருமுறை மீடியம் மாற்ற வேண்டும். முழுவதையும் உறிஞ்சாமல் பாதியோ முக்காலோ எடுத்து, புதியதைக் குழியின் சுவரில் படும்படி மெதுவாக விடுங்கள். என் முதல் தட்டில் 18-ஆம் நாள் அவசரத்தில் நடுவில் பீய்ச்சினேன், ஒரு முனையில் தூக்கிய செல் விரிப்பு முழுவதும் பால் ஆடை மாதிரி சுருண்டு பந்தாகிவிட்டது. பதினெட்டு நாள் உழைப்பு, ஒரு நொடி. அன்றிலிருந்து முக்கியமான ஒவ்வொரு நிலைக்கும் ஒரு குழி கூடுதலாகப் போடுகிறேன்.

வாரத்துக்கு இரண்டு தடவை நுண்ணோக்கியில் பாருங்கள், படம் எடுங்கள். முதல் வாரக் கடைசியில் நெத்திலி வரிசை கலைந்து, செல்கள் பலகோணமாகி நெருக்கிக்கொண்டு உட்காரும். இரண்டாம் வாரம் அங்கங்கே முடிச்சுகள் தெரியும். 16, 17-ஆம் நாள் வாக்கில் அந்த முடிச்சின் மேல் கோலமாவு தூவின மாதிரி மினுமினுக்கும், ஒளியைக் குறைத்துப் பார்த்தால் கறுத்துத் தெரியும். எத்தனை தடவை பார்த்தாலும் அது அலுக்கவே இல்லை.

படி 5: ஆர்என்ஏ எடுப்பது (நான் இரண்டு மாதம் தொலைத்த இடம்)

நாள் 0, 3, 7, 14, 21 என்று மாதிரி எடுங்கள். இங்கே ஒரு விஷயத்தைத் தடித்த எழுத்தில் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: ஆர்என்ஏவை வடிகுழாயில் (column) பிடித்துப் பிரிக்கும் சாதாரண கிட்டில் 200 எழுத்துக்குக் குறைவான துண்டுகள் பெரும்பாலும் நிற்காது, கழுவும்போதே போய்விடும். எனக்கு அது தெரியாது. அலமாரியில் இருந்த கிட்டை எடுத்தேன், ஆர்என்ஏ அளவு அருமையாக வந்தது, தூய்மையைக் காட்டும் 260/280 விகிதம் 2.0, ரன்எக்ஸ்2 அழகாக ஏறியது, மிர்-138 மட்டும் எல்லா நாளிலும் இல்லவே இல்லை. பிரைமரை மாற்றினேன், கிட்டை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன், கடைசியில் பக்கத்து ஆய்வக அக்கா ஒருத்தர் கழுவு நீரைக் கொட்டும் குப்பியைக் காட்டி, "உன் மிர் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு" என்றார்.

மைக்ரோஆர்என்ஏவையும் சேர்த்துப் பிடிப்பதற்கென்றே கிட் இருக்கிறது, அதில் ஆல்கஹால் அளவு கூடுதல். இல்லாவிட்டால் டிரைசால் முறையில் எடுத்து, ஐசோபுரோப்பனாலில் கொஞ்சம் கிளைக்கோஜன் சேர்த்து வீழ்படிய விடுங்கள், சின்னத் துண்டுகள் தப்பிப் போகாது. 14-ஆம் நாளுக்குப் பின் கொலாஜனும் கனிமமும் கெட்டியாக இருக்கும் என்பதால் டிரைசாலை ஊற்றிவிட்டு அவசரப்படாமல் நன்றாகச் சுரண்டிக் கலக்குங்கள்.

படி 6: அளப்பது

அளப்பது பிசிஆர் முறையில், ஆனால் 22 எழுத்துத் துண்டில் சாதா பிரைமர் நிற்க இடமில்லை. ஆகவே கொண்டை ஊசிப் பிரைமர் வைத்து நீட்ட வேண்டும், அல்லது பின்னால் ஏ எழுத்துகளாலான வால் ஒட்டி நீட்ட வேண்டும். இரண்டும் சரிதான், நடுவில் மாற்றாதீர்கள். ஒப்பிட யூ6 என்ற வேறொரு சின்ன ஆர்என்ஏவை எல்லோரும் போடுகிறார்கள், நானும் போடுகிறேன், ஆனால் அது மைக்ரோஆர்என்ஏவே இல்லை, உருவாகும் விதமும் வேறு. கூடவே மிர்-16 போல இன்னொன்றையும் வைத்து, உங்கள் 21 நாளிலும் அது அசையாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கணக்கு எளிது. உதாரணத்துக்கு, ஒப்பிடும் ஆர்என்ஏ மாறவில்லை, மிர்-138 நாள் 0-இல் பிசிஆரின் 24 சுழற்சியிலும் நாள் 7-இல் 26 சுழற்சியிலும் வருகிறது என்றால் இரண்டு சுழற்சி வித்தியாசம், அதாவது கால் பங்காகக் குறைந்திருக்கிறது. மூன்று குழாயின் சராசரி ஓர் ஆளுக்கு ஓர் எண். அப்படி மூன்று ஆளுக்கு மூன்று எண் வந்த பிறகுதான் புள்ளியியல்.

மிமிக் கொடுத்த செல்லில் மிர் ஆயிரம் மடங்கு கூடியிருப்பதாக எண் வரும். அதைப் பெரிய எழுத்தில் போட்டுப் பெருமைப்படாதீர்கள், நீங்கள் ஊற்றியதையே திரும்ப அளக்கிறீர்கள், அதில் பெரும்பகுதி ஆர்கோனாட்டில் ஏறியே இருக்காது. இன்ஹிபிட்டருக்கும் அப்படித்தான், அது மிர்-ஐ அழிக்காமல் கட்டிப்பிடித்தும் வைத்திருக்கலாம், அப்போது சுழற்சி எண்ணை நம்ப முடியாது. இரண்டுக்கும் பதில் ஒன்றே: இலக்குப் புரதத்தை அளந்து பாருங்கள்.

எலும்பு மரபணுக்களில் ரன்எக்ஸ்2, ஆஸ்டெரிக்ஸ், ஏஎல்பி, கொலாஜன்-1, கடைசியில் ஆஸ்டியோகால்சின். ரன்எக்ஸ்2-இன் தூது ஆர்என்ஏ மாறாவிட்டால் உடனே சோர்ந்து போகாதீர்கள். மிர்-138 விஷயத்தில் ரன்எக்ஸ்2 மேல் பாஸ்பேட் ஏறுவதில்தான் கதையே இருக்கிறது, அது புரதத்தைப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் முறையில்தான் தெரியும்.

படி 7: ஏஎல்பியும் சிவப்புச் சாயமும்

ஏஎல்பியை 7-ஆம் நாள் பாருங்கள், சில ஆட்களுக்கு 10-ஆம் நாள் உச்சம். நிறமில்லாத பிஎன்பிபி என்ற பொருள் இந்த நொதியால் மஞ்சளாக மாறும், 405 நானோமீட்டரில் படிக்கலாம், மொத்தப் புரத அளவால் வகுத்துக்கொள்ளுங்கள். வகுக்காவிட்டால் செல் அதிகமாக இருந்ததையே எலும்பு என்று சொல்லிவிடுவீர்கள்.

21-ஆம் நாள் கால்சியத்தைச் சிவப்பாகக் காட்டும் அலிசரின் ரெட் சாயம். மீடியத்தை எடுத்து, கால்சியம் இல்லாத பிபிஎஸ் உப்புக் கரைசலில் மெதுவாகக் கழுவி, 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம் வைத்து, காய்ச்சி வடித்த நீரில் கழுவி, 2 சதவீதச் சாயம் 20 நிமிடம். சாயத்தின் பிஎச் 4.1-லிருந்து 4.3-க்குள் இருக்க வேண்டும், அன்றைக்கே மீட்டரில் பார்த்து, வடிகட்டி ஊற்றுங்கள். அது தவறினால் எல்லாக் குழியும் ஒரே இளஞ்சிவப்பாக நிற்கும். பின்னால் தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை நான்கைந்து தடவை கழுவுங்கள். நல்ல குழி குங்குமம் கொட்டின மாதிரி இருக்கும், மிமிக் போட்ட குழி வெளிறியிருக்க வேண்டும். முதலில் படம். அப்புறம்தான் 10 சதவீத சீட்டைல்பிரிடினியம் குளோரைடு ஊற்றிச் சாயத்தைக் கரைத்து 562 நானோமீட்டரில் படியுங்கள். ஒருமுறை கரைத்துவிட்டால் படம் போச்சு.

சிவப்பு மட்டும் வந்து ஏஎல்பியும் ஆஸ்டியோகால்சினும் ஏறாத குழியை நான் எலும்பு என்று சொல்ல மாட்டேன்.

படி 8: இலக்கு இதுதான் என்று நிரூபிப்பது

இங்கே மூன்று வேலை. ஒன்று, இலக்கின் வால் பகுதியை ஒளி தரும் லூசிஃபெரேஸ் மரபணுவுக்குப் பின்னால் ஒட்டி, எச்இகே293 என்ற மனிதச் சிறுநீரகச் செல்லில் மிமிக்கோடு சேர்த்துக் கொடுப்பது. ஒளி குறைய வேண்டும். அந்த சி-ஏ-சி-சி-ஏ-ஜி-சி இடத்தில் மூன்று, நான்கு எழுத்தை மாற்றிவிட்டால் குறையக் கூடாது. இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதிக்கு மதிப்பே இல்லை. இரண்டு, உண்மையான ஸ்டெம் செல்லில் இலக்குப் புரதம் மிமிக்கில் குறைந்து இன்ஹிபிட்டரில் கூடுவதை வெஸ்டர்னில் காட்டுவது. மூன்று, பலரும் சோம்பல்பட்டு விட்டுவிடுவது: வால் பகுதி இல்லாத இலக்கு மரபணுவை மிமிக்கோடு சேர்த்துக் கொடுத்து, எலும்பாகிற சக்தி திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. வால் இல்லாததை மிர் பிடிக்க முடியாது. திரும்பி வந்தால் இலக்கு அதுதான். பாதிதான் வந்தால் வேறு இலக்கும் இருக்கிறது என்று எழுதுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஒரு மிர்-க்கு ஒரே இலக்கு இருப்பதுதான் அதிசயம்.

தட்டுக்கு வெளியே

ஓடென்ஸ குழு அடுத்துச் செய்தது இதை: செல்லைப் பீங்கான் போன்ற கால்சியம் பாஸ்பேட் துணுக்குகளோடு கலந்து, நோய் எதிர்ப்புக் குறைந்த சுண்டெலிகளின் தோலுக்கடியில் வைத்தார்கள். தோலுக்கடியில் இயல்பாக எலும்பு வராது, வந்தால் வைத்த செல்லால் வந்தது. மிர்-138 கூட்டின செல்லில் எலும்பு 85 சதவீதம் குறைந்தது, தடுத்த செல்லில் 60 சதவீதம் கூடியது. மேலே சொன்ன முதல் வாரத் தம்பியிடம் இந்த இரண்டு எண்ணைத்தான் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மஜ்ஜைச் செல்லில்தானே அக்கா? கொழுப்புச் செல்லில் பார்த்தார்களா?" என்று கேட்டான். சரி, தேறிவிடுவான்.

நீங்களும் அந்தக் கட்டத்துக்குப் போவதாக இருந்தால், விலங்கு நெறிமுறைக் குழுவின் படிவத்தை முதல் தட்டு போடுகிற அன்றே நிரப்பத் தொடங்குங்கள். குழு எப்போது கூடும் என்று செயலர் மேசையில் கேட்டு, அந்தத் தேதியை இன்குபேட்டர் கதவில் ஒட்டி வையுங்கள். சுண்டெலியில் வைத்த பிறகு எட்டு வாரம் காத்திருக்க வேண்டும், அதை மனதில் வைத்துப் பாசேஜ் 3 செல்லில் நாலைந்து குப்பி இப்போதே உறைய வைத்துவிடுங்கள்.